காப்புரிமை எண்ணும் வேளாண் புதுமையும்: தருமபுரி – கிருஷ்ணகிரிப் பயிர்களை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

நாடுகளின் வேளாண் புதுமையை ஒப்பிட முற்படுவோருக்கு எளிதில் கைக்கு அகப்படும் எண், செடிகளுக்கு வழங்கப்பட்ட காப்புரிமைகளின் எண்ணிக்கை. அது ஆண்டுதோறும் அரசுப் பதிவேட்டில் ஏறுகிறது. விண்ணப்பித்தவர் பெயர், அவருடைய நாடு, செடியின் இனம், உரிமை கிடைத்த நாள் ஆகியவை அதில் உண்டு. பல பத்தாண்டுகளின் தரவு தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. அந்த எண்ணை மக்கள்தொகையாலோ சாகுபடிப் பரப்பாலோ வகுத்துவிட்டால், எந்த நாடு முன்னே, எது பின்னே என்று வரிசைப்படுத்திவிடலாம். செடிக் காப்புரிமை என்பதை அதன் சட்டப் பொருளில் கண்டிப்பாக எடுத்துக்கொண்டால், அவ்வரிசையில் இந்தியாவின் பெயருக்கு நேரே பூஜ்யம்தான் நிற்கும். ஆராய்ச்சி நடவாததால் வந்த பூஜ்யம் அன்று அது. செடியும் அதன் பாகங்களும் விதையும் ரகமும் காப்புரிமைக்கு உரியவை அல்ல என்று இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு விலக்கி வைத்திருப்பதால் வந்த பூஜ்யம்.

அந்த எண் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்பதைச் சட்டப் புத்தகங்களை மட்டும் புரட்டி அறிவதைவிட, ஒரு வட்டாரத்தின் பயிர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். அதற்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் பொருத்தமானவை. 2004 பிப்ரவரி வரை இவை ஒரே மாவட்டமாக இருந்தவை. பயிர் எவ்வழியில் பெருகுகிறது என்பதைப் பொறுத்தே உலகின் சட்டங்கள் அதை வெவ்வேறாக நடத்துகின்றன. அவ்வழிகளில் பெரும்பாலானவை இங்கே அருகருகே இருக்கின்றன. கேழ்வரகும் சாமையும் விதையால் பெருகித் தன் மகரந்தச் சேர்க்கையால் தாயை ஒத்தே வருபவை. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளி, ஒவ்வொரு பட்டத்துக்கும் புதிதாக வாங்க வேண்டிய வீரிய ஒட்டு விதை. மா ஒட்டுக் கட்டியும், பசுமைக்குடில் ரோஜா மொட்டுக் கட்டியும், கரும்பும் குச்சிக்கிழங்கும் தண்டுக் கரணையாலும், ஓசூர்ப் பக்கத்து உருளைக்கிழங்கு கிழங்காலும் பெருகுபவை.

சட்டங்கள் எதை எண்ணுகின்றன

செடிக்குக் காப்புரிமை என்ற ஏற்பாட்டை முதலில் சட்டமாக்கிய நாடு அமெரிக்கா, ஆண்டு 1930. அச்சட்டம் ஒட்டு, மொட்டு, பதியம், தண்டு போன்ற விதையில்லா வழிகளில் பெருக்கப்படும் செடிகளுக்கு மட்டுமே உரிமை தந்தது. விதையால் பெருகும் கோதுமையும் சோளமும் அதில் சேரவில்லை. விதையிலிருந்து எழும் செடி தாயைப் போலவே இருக்கும் என்று உறுதி கூற இயலாது என்பது அன்றைய வாதம். கிழங்கால் பெருகும் உருளைக்கிழங்கும் விலக்கப்பட்டது. அங்கே நடும் பொருளும் உண்ணும் பொருளும் ஒன்றே என்பதால் உரிமையைக் காப்பது கடினம் என்று கருதினார்கள். முதல் செடிக் காப்புரிமை 1931 ஆகஸ்டில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஒருவரின் 'நியூ டான்' என்ற கொடி ரோஜாவுக்குச் சென்றது. விதையால் பெருகும் பயிர்களுக்குத் தனிச் சட்டம் 1970இல் வந்தது. மற்றத் தொழில்நுட்பங்களுக்கான பொதுக் காப்புரிமையைச் செடிகளுக்கும் பெறலாம் என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் உறுதி செய்தது. ஆக, இன்று அமெரிக்காவில் ஒரு புதிய ரகத்துக்கு மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன. அவற்றுள் செடிக் காப்புரிமை என்ற வாசல் வழியே செல்பவை பெரும்பாலும் பூக்களும் பழங்களும். மக்காச்சோளமும் சோயாவும் மற்ற இரண்டின் வழியே செல்கின்றன. செடிக் காப்புரிமையை மட்டும் எண்ணுபவர், அமெரிக்க உழவின் முதன்மைப் பயிர்களை எண்ணாமலே அமெரிக்க வேளாண் புதுமையைப் பற்றிப் பேசுகிறார்.

எண்ணப்பட்டவற்றிலேகூட எண்ணுக்கும் புதுமைக்கும் உள்ள உறவு தளர்வானது. பெட்ரா மோசர், பால் ரோட் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் அமெரிக்க ரோஜாவை எடுத்து இதை ஆராய்ந்தார்கள். 1931 முதல் 1970 வரை வழங்கப்பட்ட செடிக் காப்புரிமைகளில் ஏறத்தாழ பாதி ரோஜாவுக்கே சென்றிருந்தது. ஆனால் காப்புரிமையைச் சாராமல் தனியே பராமரிக்கப்பட்ட ரோஜா ரகப் பதிவேட்டோடு ஒப்பிட்டபோது, புதிய ரோஜாக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவையே காப்புரிமை பெற்றிருந்தன. சட்டம் வந்த பிறகு ஆண்டுக்கு உருவான புதிய ரகங்களின் எண்ணிக்கை கூடவில்லை. புதிய ரோஜாக்களில் பெரும்பாலானவற்றை, அத்தகைய காப்புரிமை தங்கள் நாட்டில் இல்லாத காலத்திலும், ஐரோப்பியரே உருவாக்கி வந்தார்கள். இந்த ஆய்வின் வலு அதன் முடிவில் மட்டும் இல்லை. காப்புரிமையைச் சாராத இரண்டாவது பதிவேடு ஒன்று ரோஜாவுக்கு இருந்ததால்தான் ஒப்பீடே சாத்தியமாயிற்று. கேழ்வரகுக்கோ குச்சிக்கிழங்குக்கோ அப்படி உலகளாவிய தனிப் பதிவேடு கிடையாது.

ஐரோப்பா வேறு வழியில் சென்றது. 1961இல் பாரிஸில் கையெழுத்தாகி, யூபோவ் என்று வழங்கும் உடன்படிக்கை, காப்புரிமையைவிட மெலிதான ரக உரிமை ஒன்றை வகுத்தது. ஒரு ரகம் மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும், செடிக்குச் செடி ஒன்றுபோல் இருக்க வேண்டும், தலைமுறை மாறினாலும் மாறாதிருக்க வேண்டும் என்பவை அதன் சோதனைகள். அந்த ரகம் அதிகம் விளைகிறதா, நோயைத் தாங்குகிறதா, உண்பவருக்குப் பிடிக்கிறதா என்ற கேள்விகளுக்கு அச்சோதனையில் இடமில்லை. இலைக் காம்பின் நிறத்தில் மட்டும் வேறுபடும் ரகமும், ஒரு நோயையே அடக்கிய ரகமும் பதிவேட்டில் ஒவ்வொரு வரிதான்.

உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம், செடிகளைக் காப்புரிமையிலிருந்து விலக்கிவைக்க நாடுகளுக்கு இடம் கொடுத்தது. ஆனால் பயிர் ரகங்களுக்கு ஏதேனும் ஒரு பயனுள்ள பாதுகாப்பு தந்தாக வேண்டும் என்றது. இந்தியா யூபோவில் சேராமல் 2001இல் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதற்கான ஆணையம் 2005இல் அமைந்து, 2007 முதல் விண்ணப்பங்களை ஏற்கிறது. பயிர்களுக்கு 15 ஆண்டுகள், மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 ஆண்டுகள் உரிமை உண்டு. உழவர்கள் தாங்களே பேணி வளர்த்த ரகங்களையும் பதியலாம். அதற்குக் கட்டணம் இல்லை. பதிவான ரகங்களில் பெரும்பங்கு உழவர் ரகங்களாகவும், அவற்றில் பெரும்பாலானவை நெல்லாகவும் இருப்பதற்கு இந்த ஏற்பாடே காரணம். வேறு நாட்டுப் பதிவேட்டோடு இந்த எண்ணை அப்படியே ஒப்பிட முடியாது. அங்கே புதிதாக உருவாக்கியவற்றை எண்ணுகிறார்கள், இங்கே தலைமுறைகளாகக் காத்து வந்தவையும் சேர்ந்து எண்ணப்படுகின்றன.

சீனாவின் நிலை இன்னொரு பாடம். 1997இல் விதிமுறை வகுத்து, 1999இல் யூபோவில் சேர்ந்த அந்நாடு, 2017 முதல் உலகிலேயே மிக அதிகமான ரக உரிமை விண்ணப்பங்களைப் பெறுகிறது. அதே 2017 ஏப்ரலில்தான் அங்கே அதற்கான கட்டணங்கள் நீக்கப்பட்டன. ஆராய்ச்சி நிலையங்களும் விதை நிறுவனங்களும் அங்கே பெருமளவு உழைத்திருப்பது உண்மை. ஆனால் ஒன்றையொன்று ஒத்த ரகங்கள் பதிவேட்டை நிரப்புகின்றன என்ற கவலையும் அங்கேயே எழுந்தது. மூல ரகத்திலிருந்து சிறிதளவே மாற்றி எடுத்த ரகத்தை விற்க மூல உரிமையாளரின் இசைவு வேண்டும் என்று 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதைச் சட்டத் திருத்தம் கூறுவது அதனால்தான். கட்டணம் குறைந்ததால் எழுந்த விண்ணப்பம் எவ்வளவு, உழைப்பு பெருகியதால் எழுந்தது எவ்வளவு என்று எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பிரிக்க வழியில்லை.

ஒரு சான்றிதழ் எவ்வளவு எளிதில் எண்ணுக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வரும் என்பதற்கு இந்திய உருளைக்கிழங்கு வழக்கு ஒன்றைச் சொல்லலாம். பெப்சிகோவின் எஃப்எல் 2027 என்ற வறுவல் ரகம் 2016இல் பதிவாயிற்று. 2019இல் குஜராத் உழவர்கள்மீது அந்நிறுவனம் வழக்குத் தொடுத்து, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றது. 2021 டிசம்பரில் ஆணையம் பதிவை ரத்து செய்தது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அந்த ரத்தை நீக்கியது. இந்த எட்டு ஆண்டுகளில் கிழங்கில் எந்த மாற்றமும் இல்லை. பதிவேட்டில் மட்டும் ஒன்று, பூஜ்யமாகி, மீண்டும் ஒன்றாயிற்று.

ஓசூர் ரோஜா

எண்ணப்படும் பயிர் எது என்று கேட்டால், இவ்வட்டாரத்தில் ரோஜாவைத்தான் முதலில் காட்ட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர், தளி, பாகலூர், பேரிகைப் பகுதிகளின் பசுமைக்குடில்களில் நீண்ட காம்புக் கொய்மலர் ரோஜா வளர்க்கப்பட்டு, பெங்களூர் வழியாகச் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் வரை செல்கிறது. பிப்ரவரி 14ஐ ஒட்டி விற்பனைக்குப் பெயர்பெற்ற 'தாஜ் மகால்' சிவப்பு ரோஜாவை இப்பகுதியில் அறியாதவர் குறைவு. ஆனால் கொய்மலர் ரகங்களில் பெரும்பாலானவற்றை உருவாக்கியவர்கள் நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்சு ஆகிய நாடுகளின் ரோஜா இனவிருத்தியாளர்கள். சதுர மீட்டருக்கு ஆறு முதல் எட்டுச் செடிகள் என்ற அடர்த்தியில் நடும் ஒருவர், உரிமையுள்ள ரகமாயின் செடிக்கு இவ்வளவு என்று உரிமைத்தொகை சேர்த்துக் கன்று வாங்குகிறார். நான்கைந்து ஆண்டுகளில் செடியைப் பிடுங்கிப் புது ரகம் நடும்போது மீண்டும் தருகிறார்.

இங்கே எண் எந்த நாட்டின் கணக்கில் ஏறும்? ஓர் ஐரோப்பிய நிறுவனம் தன் ரோஜாவுக்கு இந்தியாவில் பதிவு பெற்றால், 'இந்தியாவில் வழங்கப்பட்ட உரிமைகள்' என்ற பத்தி கூடும். அமெரிக்காவில் பெற்றால் அமெரிக்கப் பத்தி கூடும். அலுவலகம் எந்த நாட்டில் இருக்கிறது என்று பார்ப்பதா, விண்ணப்பித்தவர் எந்த நாட்டவர் என்று பார்ப்பதா என்ற வேறுபாட்டைப் பொருட்படுத்தாத ஒப்பீடு இங்கேயே தடம் புரண்டுவிடும். கென்யாவின் வரலாறு இதற்குத் தக்க துணை. 1999இல் யூபோவில் சேர்ந்த அந்நாட்டில் வெளிநாட்டவர் கொடுத்த விண்ணப்பங்களில் பெரும்பகுதி ரோஜா உள்ளிட்ட அலங்காரச் செடிகளைச் சார்ந்தது. அந்த எண் கென்யாவின் இனவிருத்தித் திறனைக் காட்டவில்லை. கென்யா ஒரு பெரிய ரோஜாத் தோட்டமாகிவிட்டதையும், தன் ரகம் உரிமையின்றிப் பெருகிவிடுமோ என்று ரகத்துக்கு உரியவர் அஞ்சியதையும் காட்டியது.

அதே வேளையில், ஓசூர்க் குடில்களுக்குள் நடக்கும் புதுமை எதுவும் எந்தப் பத்தியிலும் ஏறாது. பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்கு மலர் வரவேண்டுமானால் டிசம்பர் நடுவிலிருந்து எந்தப் பாத்தியை எந்த நாளில் கவாத்து செய்வது என்பதை அந்த ஆண்டின் இரவுக் குளிரைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். குளிர் கூடினால் மொட்டு பிந்தும், வெயில் ஏறினால் முந்திக்கொண்டு ஜனவரியிலேயே விரிந்து விலை இல்லாமல் போகும். வலுவற்ற தண்டுகளை வெட்டி எறியாமல் பாதைப் பக்கமாக மடக்கிவிட்டு, அவற்றின் இலைகளைக்கொண்டே செடிக்கு உணவு சேர்ப்பதும் அப்படிப்பட்ட ஒரு கைநேர்த்திதான். எவ்வளவு தாழ மடக்குவது, எத்தனை தண்டை விட்டுவைப்பது என்பதைக் குடிலில் வேலை செய்யும் பெண்கள் கை பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். வேளாண் முறைகளும் தோட்டக்கலை முறைகளும் இந்தியச் சட்டத்தில் காப்புரிமைக்கு அப்பாற்பட்டவை. அது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஆனால் சரியான முடிவு ஒன்று அளவுகோலில் ஓட்டையாகத் தெரிகிறது என்பதை ஒப்பிடுபவர் அறிந்திருக்க வேண்டும்.

கரும்பும் குச்சிக்கிழங்கும்

அமெரிக்காவின் 1930 சட்டம் தண்டுக் கரணையால் பெருகும் கரும்பை விலக்கவில்லை. அச்சட்டம் இயற்றப்படுவதற்கு 12 ஆண்டுகள் முன்பே, 1918இல், கோயம்புத்தூர் கரும்பு இனவிருத்தி நிலையத்திலிருந்து கோ 205 வெளிவந்துவிட்டது. சார்லஸ் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் உயர்ரகக் கரும்பைக் காட்டுக் கரும்போடு இணைத்து உருவாக்கிய கோ வரிசை, வட இந்தியாவின் கரும்புப் பரப்பையே மாற்றியது. அவற்றுள் கோ 281, கோ 290 போன்றவை அமெரிக்காவின் லூசியானா மாநிலம் வரை சென்று பயிராயின. ஒரு நாட்டின் ஆராய்ச்சி இன்னொரு நாட்டின் வயலை மாற்றிய நிகழ்வு இதைவிடத் தெளிவாகக் கிடைப்பது அரிது. செடிக் காப்புரிமைப் பதிவேட்டில் அதன் சுவடு கிடையாது. பாலக்கோட்டிலும் அரூரை அடுத்த கோபாலபுரத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் உழவர்கள் நட்டுவருவதும் அதே நிலையத்தின் வழிவந்த கோ ரகங்களையே. 2000இல் வெளியான கோ 86032 தமிழ்நாட்டுக் கரும்பில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது.

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, சற்று வேடிக்கையானது. கிழங்கு உணவாகிறது, குச்சி நடவாகிறது. ஆகவே உருளைக்கிழங்கை விலக்கும் அமெரிக்கச் சட்டம் இதை விலக்காது. திருவனந்தபுரத்திலுள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971இல் வெளியிட்ட எச் 226 இவ்வட்டாரத்துக்கும் சேலம் பகுதிக்கும் பரவி, சேகோ ஆலைகளின் மூலப்பொருளாயிற்று. அதோடு முள்வாடி, குங்கும ரோஸ் என்று பெயர் சொல்லி நடப்படும் ரகங்களும் உண்டு. அவை கைமாறிக் கைமாறிப் பரவியவை. அறுவடை முடிந்ததும் குச்சிகளைக் கட்டி நிழலில் நிறுத்திவைத்து, கேட்பவருக்குக் கொடுப்பது இங்குள்ள வழக்கம். இந்தியச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இந்தச் சேமிப்பையும் பரிமாற்றத்தையும் உழவர் உரிமையாகவே வைத்திருக்கிறது; பதிவான ரகத்தின் விதையை அதன் வணிகப் பெயரில் விற்பதை மட்டுமே தடுக்கிறது.

சந்தூர் மா

கிருஷ்ணகிரி மாவட்டம் என்றதும் மா நினைவுக்கு வரும். போச்சம்பள்ளி வட்டத்துச் சந்தூரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் ஒட்டுச் செடிகளுக்குப் பேர்போனவை. கொட்டையிலிருந்து எழுப்பிய நாற்றின் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, தாய் மரத்திலிருந்து எடுத்த ஆப்பு வடிவக் குச்சியைச் செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்டும் வேலையை அங்கே தேர்ந்த கைகள் சில நொடிகளில் முடித்துவிடுகின்றன. குச்சியின் தடிமன் நாற்றின் தடிமனோடு ஒத்திருக்க வேண்டும். பட்டையின் ஓரம் ஒரு பக்கமாவது பட்டையோடு சேர வேண்டும். குச்சியில் இருந்த இலைகளை ஒரு வாரத்துக்கு முன்பே தாய் மரத்தில் கிள்ளிவிட்டு மொட்டை விம்ம வைத்திருக்க வேண்டும். இவ்வளவு நுட்பத்தோடு பெருக்கப்படும் ரகங்கள் பெங்களூரா, அல்போன்சா, செந்தூரா, நீலம், மல்கோவா ஆகியவை. எல்லாம் பழைய ரகங்கள். எவரும் உரிமை கோர இயலாதவை. மாம்பழக் கூழ் ஆலைகள் நிற்பதே பெங்களூராவையும் அல்போன்சாவையும் நம்பி.

புதியவை இல்லாமலும் இல்லை. டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் நீலத்தையும் தசேரியையும் இணைத்து எடுத்த மல்லிகா இங்கே தோட்டங்களில் உண்டு. காவேரிப்பட்டணத்தை அடுத்த பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பையூர் 1 என்ற குட்டை மா, நீலத்தின் வழிவந்தது. என்றாலும் மரம் நாற்பது ஐம்பது ஆண்டுகள் நிற்கும் பயிரில் ரகமாற்றம் மெதுவாகவே நடக்கும். ஆண்டுக்கு எத்தனை உரிமை என்று எண்ணும் அளவுகோல், கேழ்வரகையும் மாவையும் ஒரே தராசில் வைப்பது பொருந்தாது.

அமெரிக்கச் சட்டத்தின் ஒரு நுணுக்கம் இவ்விடத்தில் கவனத்துக்குரியது. சாகுபடி நிலத்தில் தானாக முளைத்து, வேறுபட்டு நின்ற நாற்றைக் கண்டெடுத்து ஒட்டால் பெருக்கியவரும் காப்புரிமை பெறலாம் என்று 1954ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவுபடுத்தியது. தோப்பின் ஓரத்தில் முளைத்த நாட்டு மாங்கன்றில் நல்ல காய் கண்டு ஒட்டுக் கட்டிப் பரப்பிய உழவர்கள் இவ்வட்டாரத்தில் தலைமுறைதோறும் இருந்திருக்கிறார்கள். இந்தச் செயலே ஒரு நாட்டில் கண்டுபிடிப்பாகப் பதிவாகிறது. இன்னொரு நாட்டில் அண்டை வீட்டுக்குக் குச்சி கொடுத்ததோடு முடிகிறது.

ஒற்றைக் காப்புரிமையின் எடையும் இப்படியே மாறுபடும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் 'ஹனிகிரிஸ்ப்' ஆப்பிள் ஒரு செடிக் காப்புரிமைதான்; அது அமெரிக்க ஆப்பிள் சந்தையின் விலை நிலவரத்தையே மாற்றியது. தோட்டக் கடையில் இரண்டு பருவம் விற்று மறைந்த ஒரு பூச்செடியும் ஒரு செடிக் காப்புரிமையே.

தக்காளி

தக்காளியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ராயக்கோட்டை, பாலக்கோடு சந்தைகளுக்கு வருவதில் பெரும்பகுதி தனியார் நிறுவனங்களின் வீரிய ஒட்டு ரகங்கள். நிழல்வலைக் கூடங்களில் குழித்தட்டில் வளர்த்த நாற்றாகவே உழவர் கைக்கு வருகின்றன. அவற்றின் பழத்திலிருந்து விதை எடுத்து நட்டால் அடுத்த தலைமுறை சிதறிவிடும். பெற்றோர் வரிசைகளை நிறுவனம் வெளியே விடுவதில்லை. சட்டப் பாதுகாப்பு இல்லாமலே பாதுகாப்பு கிடைத்துவிடுவதால், பதிவுக்குப் போவதும் போகாததும் நிறுவனத்தின் வணிகக் கணக்கைப் பொறுத்தது. புதுமை மிக வேகமாக நடக்கும் பயிரில், எண்ணிக்கை மிகக் குறைவாக நம்பத்தக்கது.

கேழ்வரகும் சாமையும்

இந்த ஆய்வில் அதிக எடை கொண்ட சான்று கேழ்வரகுதான். கிருஷ்ணகிரியின் மேட்டு நிலங்களில், குறிப்பாகத் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளிப் பகுதிகளில், இன்றும் களிக்கும் மாட்டுத் தீவனத் தாளுக்கும் ராகியையே நம்பும் குடும்பங்கள் உண்டு. இப்பயிரின் பெரும் எதிரி குலைநோய்; நாற்றில் தொடங்கி, கழுத்தில் இறங்கினால் கதிர் மணி பிடிக்காமல் பதராய்க் காயும்.

கேழ்வரகின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்கள். அங்கிருந்து சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியா வந்தது. கர்நாடகத்தின் மாண்டியாவில் லட்சுமணய்யா என்ற இனவிருத்தியாளர், இந்திய ரகங்களை மீண்டும் ஆப்பிரிக்க ரகங்களோடு இணைத்து 'இண்டாஃப்' வரிசையை உருவாக்கினார். இந்தியா, ஆப்பிரிக்கா என்ற இரு பெயர்களின் சேர்க்கையே அந்தப் பெயர். அவ்வரிசையின் இரத்தத்தைக் கொண்டு, பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் குலைநோயைத் தாங்கும் ஜிபியு 28 உருவாகி, 1990களில் வெளிவந்தது. அது கர்நாடக எல்லையைத் தாண்டி ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வந்து சேர்வதற்கு உரிமையோ ஒப்பந்தமோ தேவைப்படவில்லை. உறவுக்காரர் வீட்டு விதையாகவும் கடை விதையாகவும் வந்தது. இந்தப் பக்கம் பையூர் நிலையம் தன் பங்குக்குக் கேழ்வரகிலும் கொள்ளிலும் சாமையிலும் ரகங்களை வெளியிட்டது. நாடுகளுக்கிடையே வேளாண் புதுமை நகர்வதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா? ஆப்பிரிக்க மரபணு, கன்னட நாட்டு உழைப்பு, தமிழ்நாட்டுக் கொல்லை. செடிக் காப்புரிமைக் கணக்கில் மூன்றுக்கும் பூஜ்யம்.

ரக உரிமைப் பதிவேடு இங்கே ஓரளவு உதவும். கேழ்வரகின் தனித்தன்மையைச் சோதிக்கும்போது, கதிரின் விரல்கள் விரிந்து நிற்கின்றனவா, நுனி மட்டும் வளைந்திருக்கின்றனவா, உள்நோக்கி மடங்கிக் கைமுட்டிபோல் மூடியிருக்கின்றனவா, கணுவில் ஊதா நிறம் உண்டா, மணியின் நிறம் என்ன என்றெல்லாம் குறிக்கிறார்கள். உழவர்களும் இதே அடையாளங்களால்தான் பிரித்துச் சொல்கிறார்கள். ஆனால் பல்கலைக்கழக ரகம் ஒன்று மாநிலக் குழுவால் வெளியிடப்பட்டு, விதைச் சட்டத்தின் கீழ் அறிவிக்கை செய்யப்பட்டாலே விதை உற்பத்திக்குப் போதும். உரிமைப் பதிவு தனி நடைமுறை. ஆக, வயலில் எங்கும் நிற்கும் ரகம் பதிவேட்டில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

சித்தேரி மலையின் சாமை இதிலும் ஒரு படி தள்ளி நிற்கிறது. அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர், மழை பிந்தினால் ஒரு சாமை, முந்தினால் ஒரு சாமை என்று வயதுக்கேற்ப வகை பிரித்து விதை வைத்திருப்பவர்கள். அவற்றை உழவர் ரகமாகப் பதியக் கட்டணம் இல்லை; ஆனால் விண்ணப்பத்தை ஊர்ப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவோ, மாவட்ட வேளாண் அலுவலரோ, பல்கலைக்கழக ஆராய்ச்சி இயக்குநரோ, பழங்குடியினர் நல அலுவலகமோ மேலொப்பமிட வேண்டும். நெல் உழவர் ரகங்கள் ஆயிரக்கணக்கில் பதிவானதற்குப் பின்னால் அப்படி ஓடியாடிய நிலையங்களும் அமைப்புகளும் இருந்தன. பதிவேட்டில் ஒரு மாவட்டம் கூடுதலாகத் தெரிந்தால், அங்கே ரகங்கள் கூடுதல் என்பதைவிட, படிவம் நிரப்பிக் கொடுக்க ஆள் இருந்தார் என்று பொருள் கொள்வதே பெரும்பாலும் பொருந்தும்.

வேறு எதை எண்ணலாம்

காப்புரிமை எண்ணை முற்றாகத் தள்ளிவிட வேண்டும் என்பது இதனால் பெறப்படும் முடிவு அன்று. ஒரே சட்டம் நடக்கும் ஒரே நாட்டில், ஒரே பயிரில், ஆண்டுக்கு ஆண்டு வணிக இனவிருத்தியின் போக்கு எப்படி மாறுகிறது என்பதை அறிய அது பயன்படும். ஐரோப்பிய ரோஜா நிறுவனங்களின் போட்டியை அளக்க அதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது கடினம். சட்டம், பயிர், கட்டணம், விண்ணப்பித்தவரின் நாடு என்ற நான்கையும் பிரித்துக் காட்டாமல் நாடுகளை அடுக்கும்போதுதான் அது தவறான செய்தி சொல்கிறது.

இவ்வட்டாரத்துக்குப் பொருந்தக்கூடிய மாற்று அளவுகள் இரண்டு. ஒன்று, புதிய ரகம் எவ்வளவு பரப்பைப் பிடித்திருக்கிறது என்பது. மற்றொன்று ரக வயது: வயலில் நிற்கும் ரகங்கள் வெளியாகி எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதைப் பரப்பின் அளவுக்கேற்பச் சராசரி காண்பது. சராசரி குறைந்தால் புதியவை வயலுக்கு வருகின்றன என்று பொருள். இரண்டும் ஒன்றோடொன்று முரண்படும் என்பதையும் மறைக்கக் கூடாது. ஜிபியு 28 பரப்பு அளவில் பெரும் வெற்றி; ரக வயது அளவில் அதே வெற்றி, இருபத்தைந்து ஆண்டு கடந்த ரகம் இன்னும் மாற்றப்படவில்லை என்ற குறையாகத் தெரியும். குலைநோய்ப் பூஞ்சை தன்னை மாற்றிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், அந்தக் குறையை நான் பொருட்படுத்துவேன். ஆனால் களிக்கு ஏற்ற மணியும் மாட்டுக்கு ஏற்ற தாளும் தரும் ரகத்தை உழவர் விடாமல் வைத்திருப்பதைப் பின்தங்கல் என்று எழுதமாட்டேன்.

இவற்றுக்கான தரவு புதிதாகத் திரட்ட வேண்டியதும் அன்று. வட்டார வேளாண் விரிவாக்க மையங்களில் எந்த ரக விதை எத்தனை கிலோ விற்றது என்ற பதிவு உண்டு. விதைச்சான்றுத் துறையில் எந்த ரகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பண்ணை பதிவாயிற்று என்ற கணக்கு உண்டு. சர்க்கரை ஆலைகளின் கரும்புப் பதிவில் ரகத்துக்கு ஒரு கட்டம் உண்டு. கேழ்வரகு, கொள்ளு, கரும்பு ஆகிய மூன்றுக்கும் இவ்விரு மாவட்டங்களில் பத்தாண்டு ரக வயதைக் கணக்கிட இவை போதும். தக்காளிக்கு நிழல்வலை நாற்றுக்கூடங்களின் விற்பனைச் சீட்டுகளைக் கேட்க வேண்டியிருக்கும். மாவுக்குச் சந்தூர் நாற்றுப்பண்ணைகளில் எந்த ரகத்து ஒட்டு எவ்வளவு போகிறது என்று ஆனி, ஆடி மாத நடவுக் காலத்தில் கணக்கெடுக்கலாம். வீட்டில் எடுத்துவைத்த விதையால் நடக்கும் சாமைக்கும், கட்டுக் குச்சியாகக் கைமாறும் குச்சிக்கிழங்குக்கும் மட்டும் இந்தப் பதிவுகள் எதுவும் உதவா. அவற்றுக்கு ஊர் ஊராகப் போய் வீட்டுக்கு வீடு கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.